தாடையில் வைக்கும் வெளிச்சம்

கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், போட்டுக்கொண்டேன். இதெல்லாம் ஒரு கண்ணாடியா. பொருட்காட்சியில் பிள்ளைகளுக்கு விற்கிற மாதிரி பச்சைப் பிளாஸ்டிக், காதில் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பாதி ஆயுசைக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கழித்தவன் நான், பாய்லர் தொழிற்சாலையில் வெல்டர், வெளிச்சத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் நான் வெல்டர் இல்லை, எனக்கு இன்னாசி என்று ஒரு பெயர் இருப்பதுகூட யாருக்கும் தெரியாது, ஜோவிதா அப்பா வாங்க, ஜோவிதா அப்பா உட்காருங்க, அவ்வளவுதான். ஜோவிதா என் மடியில் இருக்கிறாள். ஒன்பது வயசுப் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு பல் டாக்டர் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிற அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தனியாக உட்கார வைத்தால் கைப்பிடியைக் கடிக்கிறாள், அதனால் முதல் நாளிலிருந்து இப்படித்தான், அவள் தலை என் தோளில், அவள் கன்னம் என் கன்னத்துக்குப் பக்கத்தில். டாக்டர் நஸ்ரின் தடித்த பேனா மாதிரி ஒன்றை அவள் காதுக்குக் கொஞ்சம் கீழே, பல்லைக் கடித்தால் புடைக்கிற இடத்தில் வைத்து அழுத்துகிறார். மிஷின் கீ என்கிறது. அவ்வளவுதான் வைத்தியம். வெளிச்சம் உள்ளே போய்த் தசையைத் தளர்த்துமாம், தசை தளர்ந்தால் பல் அரைப்பது நிற்கலாமாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இந்த அரைப்பு உண்டு, மருந்து மாத்திரை என்று சரியாக எதுவும் இல்லை, அதனால் ஆராய்ச்சியாகச் செய்து பார்க்கிறோம் என்று முதல் நாளே சொன்னார். சொன்னதோடு விடவில்லை. பாதிப் பிள்ளைகளுக்கு நிஜ வெளிச்சம், பாதிப் பிள்ளைகளுக்கு மிஷின் சத்தம் மட்டும், யாருக்கு எது என்று எனக்கே தெரியாது, முடிவில்தான் பிரித்துப் பார்ப்போம், சம்மதமா என்றார். ஏமாற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏமாற்றுகிற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். வேறு எங்கே போவது.

பை நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. காலை லேசாக நீட்டினால் செருப்பு அதில் இடிக்கிறது, எடுத்துக்கொள்கிறேன், மறுபடி தானாக நீள்கிறது, மறுபடி இடிக்கிறது. நீல ரெக்சின் பை. என் கூடப்பிறந்த லூர்து அக்காதான் துணி அடுக்கினாள், கவுன்கள், துண்டு, அவளுடைய தட்டு, அவளுடைய டம்ளர், பிரஷ். அக்கா அடுக்க அடுக்க ஜோவி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஏதேதோ திணித்துக்கொண்டிருந்தாள், ஊருக்குப் போகிற குஷி. ஊருக்குத்தான் போறோம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம். சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், இருட்டின பிறகு விட்டால் பிள்ளைகள் ரொம்ப அழுகிறார்கள் என்று மதர் சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே கடைசித் தடவை வெளிச்சம் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து, அங்கே. அரைப்பு நின்றுவிட்டால் வீட்டில் இருக்கட்டும், நிற்காவிட்டால் இல்லம், இதுதான் அக்காவோடு நான் பேசி வைத்தது. நிற்கவில்லை. நேற்றும் சத்தமாம். அக்காவின் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும், வரமாட்டேன் என்கிறது. என் மனைவி சகாயம் செத்த பிறகு, டெங்கு வந்து வாரத்துக்குள் அவள் போன பிறகு, நான் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஊரே கேட்டுவிட்டுப் போனது, அக்கா மட்டும் கேட்கவில்லை, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிளைவுட் வைத்து அடைத்து எங்களுக்கு ஓர் அறை உண்டாக்கினாள். அந்தப் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் மச்சானின் கட்டில். அதுதான் வினையாகிப் போனது. பெலவேந்திரன் மச்சான் சரக்கு ரயில் ஓட்டுகிறவர், வண்டி எப்போது கிடைக்கிறதோ அப்போது டியூட்டி, விட்டுவிட்டு வந்தால் செத்த பிணமாகத் தூங்கவேண்டும், தூங்கினால்தான் அடுத்த வண்டி. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "சிக்னல் மஞ்சளா செவப்பான்னு எனக்கு ஒரு நிமிசம் நிச்சயமா தெரியல இன்னாசி. அசிஸ்டெண்ட் தோளத் தட்டுனான்." அவ்வளவுதான் சொன்னார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன், மனுஷன் திட்டவில்லை.

கீ. இந்தப் பக்கம் முடிந்தது, அந்தப் பக்கம். ஜோவி பழகிவிட்டாள், தானே முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள், பச்சைக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. இவள் பல் அரைக்கிற சத்தத்தை எப்படிச் சொல்வது, மண் போகாத கீரையை மெல்லுகிற மாதிரி. அடுத்தவர் வாயில் நடப்பது நம் வாயில் நடப்பதாகக் கூசும். பகலெல்லாம் அரைத்துக்கொண்டிருந்தாள் ஒரு காலத்தில், டிவி பார்த்தால், கோபம் வந்தால், சும்மா இருந்தால். கடைவாய்ப் பல் எல்லாம் தேய்ந்து சப்பட்டையாகிவிட்டது, முன்பல்லில் பாதி இல்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவாள், எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, வயிற்றைக் காட்டுவாள். பகல் அரைப்பு இப்போது இல்லை. அது எப்போது நின்றது என்றுகூட யாரும் கவனிக்கவில்லை, நின்றுபோன சத்தத்தை யார் கவனிக்கிறார்கள். "பகல்ல விட்டுட்டா, ராத்திரிக்குச் சேத்து வச்சு அரைக்கிறா" என்று அக்கா சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை, வெல்டிங் அடித்துவிட்டு வந்து பாயில் விழுந்தால் அடித்துப்போட்ட மாதிரி, பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரியும். இன்னொன்றும் சொல்வாள், நான் நைட் ஷிப்ட் போகிற வாரத்தில் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாளாம், நான் பக்கத்தில் படுத்தால்தான் ஆரம்பிக்கிறாளாம், அப்பன் இருந்தால் செல்லம் ஜாஸ்தி என்று சிரித்தாள். சிரிக்க முடிந்த காலத்தில் சொன்னது. இங்கேயும் டாக்டர் ஒவ்வொரு தடவையும் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பார், அக்கா சொன்னதை நான் சொல்வேன், அவர் ஜோவியின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியா, என்று இழுப்பார். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்காது. வெளிச்சமே வராத மிஷினை வைத்துவிட்டு என்ன அப்படியா.

வராது. எனக்குத் தெரியும். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவனுக்கு அப்போது ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும், இமைக்குள் யாரோ மணலைக் கொட்டிய மாதிரி, கண்ணைத் திறக்கவும் முடியாது மூடவும் முடியாது, தண்ணீராகக் கொட்டும். தொழில் பழகின புதிதில் எத்தனை தடவை. சிலர் உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள். எனக்குச் சகாயம் இருந்தாள். ஜோவி பிறந்திருந்த சமயம். பிள்ளைக்குப் பால் இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை, உதடு சேரவில்லை, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது, டாக்டர்கள் அப்போதுதான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார்கள், பால் கட்டிக்கொண்டு சகாயத்துக்குக் காய்ச்சல். ஒரு நாள் நான் கண்ணைப் பொத்திக்கொண்டு புரளும்போது என் தலையை மடியில் இழுத்துப் போட்டு அந்தப் பாலைக் கண்ணில் பீய்ச்சினாள். "அவதான் குடிக்க மாட்டேங்குறா, நீயாவது வாங்கிக்க" என்றாள். இளஞ்சூடாக இறங்கியது. எரிச்சல் அடங்கிப் போனது. பிள்ளைக்குச் சேராதது எனக்குச் சேர்ந்ததே என்று நான் அழுதேன், கண் எரிச்சலில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். எதற்கு இது இப்போது. ஆமாம், கண். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் டாக்டர் குனிந்திருக்கும்போது கண்ணாடியை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டு அந்தப் பேனா முனையையே பார்த்தேன், வைத்த கண் வாங்காமல். ஒன்றும் இல்லை, ஒரு மினுக்கல்கூட. அன்று வீட்டுக்குப் போய் மணலுக்காகக் காத்திருந்தேன். வரட்டும், வரட்டும் மாதாவே, கண் போனாலும் போகட்டும், என் பிள்ளைக்கு நிஜம்தான் கிடைக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று கிடந்தேன். காலையில் கண் பால் மாதிரி வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. அன்றைக்கே முடிவு தெரிந்துவிட்டது. சும்மா வைத்து எடுக்கிற கூட்டத்தில் எங்களைத் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு எதுதான் முழுசாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகும் ஏன் வந்தேன் என்றால் அவளுக்காகத்தான், அவளுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. இங்கே யாரும் முறைப்பதில்லை. இங்கே பார்த்ததை வீட்டில் போய்ச் செய்வாள். என் வெல்டிங் கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிவிட்டு, டிவி ரிமோட்டை என் தாடையில் வைத்து அமுக்கி, "ப்பா, லைட்டு, கண்ணு மூடு" என்று அதட்டி, ஒன்னு ரெண்டு அஞ்சு என்று எண்ணுவாள். நான் பாயில் சாய்ந்தால் போதும், ரிமோட்டோடு வந்துவிடுவாள். முதலில் சிரிப்பாக இருந்தது. தினமும் என்றால் எரிச்சல், உடம்பு அசதி, போடி என்று தட்டிவிட்டால் மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு மறுபடி வந்து வைப்பாள், அப்படி ஒரு பிடிவாதம். ஒரு நாள் ரிமோட் என் தலையணைக்கு அடியில் கிடந்தது, மச்சான் தேடியிருக்கிறார். இன்று காலையிலும் காணோம், டியூட்டியிலிருந்து வந்த மனுஷன் செய்தி பார்க்க வேண்டும் என்று கேட்க, அக்கா மெத்தையைப் புரட்டிப் போட்டுத் தேடினாள், போகிற நாளில்கூடப் பிள்ளை வம்பு பண்ணிவிட்டுத்தான் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லத்தில் யாருக்கு லைட்டு வைப்பாள். பக்கத்துக் கட்டில் பிள்ளை சும்மா இருக்குமா, தள்ளிவிடுமா. இவளுக்கு மூச்சு கொஞ்சம் குறட்டையாகத்தான் வரும், ஒருக்களித்துப் போட்டால் சரியாகிவிடும், அதை மதரிடம் சொன்னேனா, சொல்லவில்லை. வயிற்றைக் காட்டினால் பல் வலி என்று சொன்னேனா. அதையும் சொல்லவில்லை. நான் செத்துப் போனால் என்று நினைக்கிற போதெல்லாம் அக்கா வீடு என்று ஒரு பதில் இருந்தது, இன்றைக்கு அந்தப் பதிலை நானே பஸ்ஸில் கொண்டுபோய்த் தொலைக்கப்போகிறேன். இதோ ஆரம்பித்துவிட்டாள். கேட்கிறது. கன்னத்தோடு கன்னம் இருப்பதால் தலைக்குள்ளேயே கேட்கிறது, நற நற என்று, கீரை மண். பகலில் விட்டுவிட்டாள் என்றார்களே. விடு ஜோவி, வேண்டாம், இன்றைக்கு மட்டுமாவது வேண்டாம். அரைக்கிறாள். பை காலில் இடிக்கிறது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அந்த முனையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, கறுப்பு முனை, பிள்ளையின் கன்னம், அவ்வளவுதான். டாக்டர் நிமிர்ந்து, கண்ணாடியைப் போடுங்கள் என்றார். போடவில்லை. நான் வெல்டரம்மா, வெளிச்சம் இருந்தால் எனக்குத் தெரியாதா, என் பிள்ளைக்கு நீங்கள் சும்மா வைத்து வைத்து எடுக்கிறீர்கள், சொல்லிவிடுங்கள், இன்றோடு முடிகிறதே, சொன்னால் என்ன என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிறதா அதட்டுகிறதா தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. "இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் சார். வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, வரலைன்னாலும் தெரியாது. எரிச்சலும் வராது." எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எக்ஸ்ரே. ஆலையில் நான் போட்ட ஒவ்வொரு வெல்டிங் பற்றையும் எக்ஸ்ரேக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள், கயிறு கட்டி எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அதில் எந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் உள்ளே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காட்டிக்கொடுக்கிறது, எத்தனை தடவை அதை வெட்டி எடுத்து மறுபடி போட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மணலுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன், மடையன்.

டாக்டர் என் கையைப் பிடித்து விரலை ஜோவியின் கன்னத்தில், காதுக்குக் கீழே வைத்தார். "மொத நாள் இந்த எடம் கல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப அமுக்கிப் பாருங்க. எந்த குரூப்புன்னு எனக்குத் தெரியாது சார், வெளிச்சத்தாலயான்னும் தெரியாது. ஆனா இவ கடிக்கல." அமுக்கினேன். ஊறின இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது. என் விரலுக்கு அடியில் எதுவும் அசையவில்லை, அவள் உதடு பிரிந்து, நாக்கு நுனி தெரிய, மூச்சு மட்டும் என் கையில் படுகிறது. சத்தம் நிற்கவில்லை. நற நற. அவள் கன்னம் அசையவில்லை, சத்தம் இருக்கிறது. கேட்கிறதே டாக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நின்றது. வாயை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, ஏசி ஓடுகிற சத்தம், பிறகு எனக்குத் தெரியாமலே என் தாடை இறுகுவதை, கடைவாய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இழுபடுவதை, நான் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி உணர்ந்தேன். டாக்டர் ஜோவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். சத்தம் உங்ககிட்டருந்து வருது."

வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். மூட பயமாக இருந்தது. காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்குமே, வெல்டிங் ஹெல்மெட் பட்டை என்று நினைத்தேன். தலையை வெட்டி வெட்டி ஹெல்மெட்டை இறக்குவதால் தாடை நோகிறது என்று நினைத்தேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தபோது பொரிகடலையைத் திட்டினேன். நைட் ஷிப்ட் வாரங்களில் வீட்டில் சத்தம் இல்லை, நான் வீட்டில் இல்லை. பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான், நடுவில் தூங்குகிற பிள்ளை. சகாயம் இருந்திருந்தால் முதல் நாளே விலாவில் இடித்து எழுப்பிச் சொல்லியிருப்பாள், அவள் இருந்தவரைக்கும் இது இல்லை, அவள் போன பிறகு என் வாயைக் கேட்கிற ஆள் இல்லை. மச்சானின் தூக்கத்தை நான் தின்றிருக்கிறேன். மஞ்சளா சிவப்பா என்று அவர் தடுமாறிய அந்தச் சிக்னல் என் பல்லால். இல்லத்தில் அப்பன்மார்களைச் சேர்ப்பதில்லை. நைட் ஷிப்டை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேட்காத ஷிப்ட், உடனே கொடுப்பார்கள், பகலில் ஆலை சைக்கிள் ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளலாம், அங்கே யார் தூக்கமும் கெடாது. அக்கா நம்புவாளா. பிள்ளையைக் காப்பாற்ற அப்பன் பொய் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். யாருக்கும் இது கேட்கவில்லையா, இத்தனை நாளில் பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் கேட்கவில்லையா.

மிஷின் நீளமாகக் கத்தி நின்றது. முடிந்தது என்றார் டாக்டர். ஜோவி பச்சைக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து சறுக்கி இறங்கி, நாற்காலிக்கு அடியில் புகுந்தாள். பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. கவுன்களைத் தரையில் போட்டாள், துண்டை, தட்டை, டம்ளர் உருண்டு போனது, டாக்டர் என்னடா தேடுகிறாய் என்று குனிந்தார். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். காலையில் வீடே தேடிய ரிமோட். ஊருக்குப் போகிறோம் என்று துணியோடு அதையும் எடுத்து வைத்திருக்கிறாள், நானும் கூட வருகிறேன், எனக்கு அங்கேயும் வேண்டியிருக்கும் என்று. நாற்காலியில் ஏறி, என் காதுக்குக் கொஞ்சம் கீழே, சரியாக அந்த இடத்தில் வைத்து அமுக்கினாள்.

"ப்பா. கண்ணு மூடு."

மூடினேன். ஒன்னு, ரெண்டு, அஞ்சு என்று எண்ணினாள்.